பென்சிலில் இருந்தவள்

அந்த நான்கு கட்டடங்களிலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஓர் அட்டை. தரைத்தளத்து அலுவலகத்தில், கட்டடத்துக்கு ஒன்றாக நான்கு தகர இழுப்பறைகளில் அந்த அட்டைகள் வரிசையாக நின்றன. முப்பத்து நான்கு வருடமாக அவற்றை எடுத்து வைத்தது ஒரே கைதான். அந்தக் கைக்கு உரியவளைக் குடியிருப்பவர்கள் பென்சிலக்கா என்று கூப்பிட்டார்கள். வலது காதுக்கு மேல், முடிக்குள், எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு தடவை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவள் அதோடேயே நாற்காலியில் சாய்ந்துவிட, "எதை முதல்ல எடுக்கணும்?" என்று டாக்டர் கேட்டாராம். அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஓனர் அவளுக்குச் சொன்னது ஒரே ஒரு விதி. அட்டையின் முன்பக்கம் பேனா, பின்பக்கம் பென்சில். குடியிருப்பவர் பெயர், ஒப்பந்தத் தேதி, தொலைபேசி எண், மீட்டர் எண் இவையெல்லாம் பேனாவில். பேனாவில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓனரின் சுருக்கொப்பம் விழ வேண்டும். பென்சிலில் எழுதுவதற்கு யாருடைய ஒப்பமும் வேண்டாம். அது அலுவலகத்தின் ஞாபகத்துக்கு. மாறினால் அழித்துவிடலாம். ஓனர் எந்த அட்டையையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வேண்டிய அவசியம் வராமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

குடித்தனம் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் நடந்தது. மூன்றாம் மாடிக்காரருக்கு இரவு வேலை, பத்து மணிக்கு முன் மணி அடிக்கக் கூடாது. ஏ ஏழில் இருப்பவருக்கு இடது காது கேட்காது, கதவைப் பலமாக மூன்று தடவை தட்டணும். சி ஒன்பதில் மாமியார் ஒரு வாரத்துக்கு என்று வந்திருக்கிறார். இந்தக் குறிப்பின் தேதி நாலு வருடத்துக்கு முந்தியது. டி பதினான்கில் பூனை இருக்கிறது, நான் பார்க்கவில்லை. இதே தோரணையில் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்டு, சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பாள். அழித்து அழித்துச் சில அட்டைகளின் பின்பக்கம் பழைய துணிபோல மெலிந்து சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

குழாய் ஒழுகினாலும், பக்கத்து வீட்டோடு சண்டை வந்தாலும், ஊரிலிருந்து தங்கை வந்து தங்க வேண்டியிருந்தாலும் எல்லாரும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். அவள் முழுதும் கேட்பாள். கேட்டு முடித்துக் காதிலிருந்து பென்சிலை உருவினாள் என்றால் காரியம் ஆயிற்று என்று அர்த்தம். வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள், லஞ்சம் என்று ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கியதில்லை. ஆனால் தன் முன்னால் ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பதும், பென்சிலை எடுத்ததும் அந்த முகம் இளகுவதும் அவளுக்குப் பிடித்திருந்தன. அது பிடித்திருந்தது என்பதை அவள் வெகுகாலம் தெரிந்துகொள்ளவில்லை. நல்ல குணம் என்று நாம் பெயர் வைத்துக்கொள்கிற பலவற்றின் அடியில் இப்படி ஒரு சின்ன ருசி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிளறிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தாள். தம்பி மனைவி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் கூர்மை. அலுவலகத்தின் பெரிய சாவி வளையத்தைப் பென்சிலக்கா ஒருநாள் மறந்துபோய் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டபோது அவள் சொன்னாள்: "நூறு வீட்டுச் சாவி உங்க கையில, நம்ம வீட்டுச் சாவிய மட்டும் வாரத்துக்கொரு தடவ தொலைக்கிறீங்க." நம்ம வீடு என்று அவள் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் பென்சிலக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பி பதினொன்றில் இருந்தவள் தையல்காரம்மா. திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை, கிழிந்த பையின் ஜிப் என்று எது வந்தாலும் தைத்துக் கொடுப்பாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் கணவனோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் வந்தாள். ஒப்பந்தம் கணவன் பெயரில், தொலைபேசி எண்ணும் அவனுடையது, இரண்டும் பேனாவில். இரண்டே வருடத்தில் அவன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். எங்கே, யாரோடு, எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லை. தொலைபேசியில் மணி அடிக்கும், எடுக்க மாட்டான். ஆறு மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

அப்போது அவள் அலுவலகத்துக்கு வந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று கேட்டாள். பென்சிலக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். பி பதினொன்றின் பின்பக்கத்தில், "அவன் போய்விட்டான். இவள் இருக்கிறாள்" என்று எழுதித் தேதி போட்டாள். கீழே தையல்காரம்மாவின் எண். வாடகை ரசீது பழையபடி அவன் பெயரிலேயே. முன்பக்கத்தை அவள் தொடவில்லை. தொட்டால் புது ஒப்பந்தம் எழுத வேண்டும், ஓனரிடம் போக வேண்டும், அவர் நூறு கேள்வி கேட்பார். எதற்கு வம்பு? காதும் காதும் வைத்தாற்போலக் காரியம் முடிந்தது. தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பென்சிலக்கா அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். கால் தரையில் பாவவில்லை.

தன் பெயரைப் போடச் சொல்லித் தையல்காரம்மா இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை, பெண்ணைப் பள்ளியில் சேர்க்க முகவரிக்குச் சான்று கேட்டார்கள் என்று வந்தபோது. பென்சிலக்கா அலுவலகத் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்: இன்னாருடைய மகள் இந்த வீட்டில் வசிக்கிறாள். இன்னார் என்ற இடத்தில் போனவனுடைய பெயர். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தையல்காரம்மா தாளை மடித்தாள். பிறகு, பேச்சோடு பேச்சாக, தன் பெயரையே அட்டையில் மாற்றிவிட முடியாதா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றாள் பென்சிலக்கா.

இரண்டாம் தடவை அவள் பேச்சோடு பேச்சாகக் கேட்கவில்லை. அதற்கென்றே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஓனருக்கு உடம்பு முடியாமல் போயிருந்த சமயம். ஆனால் வியாழக்கிழமை தோறும் அலுவலகத்துக்கு வந்து சுருக்கொப்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த வியாழக்கிழமைகூட உள்ளறையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இன்னைக்கு அவர் இருக்காரு. என் பேரப் போட்டு ஒரு அக்ரிமென்ட் வாங்கிக் குடுத்துடுங்க. வாடக ஏத்தினாலும் பரவால்ல, ராவும் பகலும் தச்சுக் கட்டிடுறேன்."

"இப்ப என்ன அவசரம் உனக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு. என் வீட்டுக் கதவைத் தெறக்கறப்ப யாரோ வீட்டைத் தெறக்கற மாதிரி இருக்கு."

"பைத்தியமா நீ? நான் இருக்கேன்ல."

தையல்காரம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். உள்ளறைக் கதவு பத்தடி தூரத்தில் திறந்தே கிடந்தது. பென்சிலக்காவுக்கு ஓனரிடம் போகப் பயம் ஒன்றும் இல்லை. ஓனர் ஒருவேளை முணுமுணுத்துவிட்டு ஒப்பம் போட்டிருப்பார், அதுவும் அவளுக்குத் தெரியும். பின்னே ஏன் போகவில்லை? முன்பக்கத்துக்குப் போய்விட்டவர்கள் யாரும் அலுவலகத்து வாசலில் தயங்கி நிற்பதில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் இதை அவள் புரிந்துகொள்ள எட்டு வருடம் ஆயிற்று.

ஓனர் போன வருடம் செத்துப் போனார். மகனுக்கு வேறு ஊரில் வேறு தொழில். அவன் நான்கு கட்டடங்களையும் பராமரிப்புக் கம்பெனி ஒன்றின் கையில் ஒப்படைத்துவிட்டு, இனி எதுவானாலும் அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. தோளில் லேப்டாப் பை, கையில் ஸ்கேனர். காகிதத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மாதம் என்றாள். அட்டையில் இருப்பதைத் திரையில் வரும் படிவத்தில் நிரப்ப வேண்டும். பிறகு அட்டையை இரு பக்கமும் படமெடுத்து அதோடு சேர்க்க வேண்டும். எல்லாம் ஏறியதும் வண்டி வந்து அட்டைகளை எடுத்துப் போய்ப் பொடிப்பொடியாக வெட்டிவிடும்.

பென்சிலக்கா அவளை வெறுக்கத் தயாராக இருந்தாள், ஆனால் அந்தப் பெண் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா என்று கேட்டுத் திரையைப் பெரிதாக்கினாள். மூன்றாம் நாள் அட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"பூனை இருக்கிறது, நான் பார்க்கவில்லை. என்னக்கா இது?"

"அதெல்லாம் சும்மா. மாறிக்கிட்டே இருக்கறது."

"குறிப்புன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல அப்படியே அடிச்சுடுங்க."

"அத யார் யார் பாப்பாங்க?"

"எல்லாரும்தான். கம்பெனி, ஓனர், ரிப்பேருக்கு வர்றவங்க. அதுக்குத்தானேக்கா சிஸ்டம்."

எல்லாரும் என்றதும், நான்கு வருட மாமியார்களும், பூனைகளும், வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல் தினமும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவரும் பென்சிலக்காவின் கண்முன் வந்து நின்றார்கள். இத்தனை பேரையும் கம்பெனிக்குக் காட்டிக் கொடுப்பதா? மறுநாளிலிருந்து, அந்தப் பெண் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில், பென்சிலக்கா ஒரு பெரிய ரப்பரை வைத்துக்கொண்டு பின்பக்கங்களை அழிக்கத் தொடங்கினாள். மூன்று மதியங்கள். ரப்பர் துருவல் மேசையில் குவிந்தது. விரல் நுனி எரிந்தது. கூட்டிப் பெருக்கித் தொட்டியில் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருப்பாள். தன் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. இத்தனை வீட்டின் மானமும் தன் இரண்டு விரலுக்கிடையில்.

பி பதினொன்று இரண்டாம் மதியத்தில் வந்தது. அவன் போய்விட்டான், இவள் இருக்கிறாள். அதன் கீழே பதினான்கு வருடத்து வரிகள்: பெண்ணுக்கு அம்மை, புது மிஷின் வாங்கியிருக்கிறாள், சமையலறைக் குழாயைத் தன் செலவில் மாற்றினாள், பெண் நர்சிங் படிக்க விடுதிக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் தேதி. ஒப்பந்தம் ஒருவன் பெயரில், குடியிருப்பது வேறொருத்தி. கம்பெனிக்காரன் கண்ணில் பட்டால் முதலில் காலியாவது இந்த வீடுதான் என்று நினைத்தாள். மற்ற அட்டைகளைவிட இதை இரண்டு மடங்கு அழுத்தி அழித்தாள். தையல்காரம்மாவின் எண்ணும் போயிற்று. அது அவளுக்கு மனப்பாடம்.

பிறகு படிவம். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் மேலே போக விடாது. முன்பக்கத்தில் பேனாவில் இருந்தது போனவனின் எண். பதினான்கு வருடமாகச் செத்துக் கிடக்கிற எண் என்று நினைத்து, பார்த்துப் பார்த்து ஒரு இலக்கம் பிசகாமல் அடித்தாள்.

மாதக் கடைசியில் வண்டி வந்தது. நான்கு இழுப்பறைகளும் காலியாயின. கம்பெனி அவளுக்கு ஒரு பாராட்டுத் தாள் அனுப்பியது. அவர்கள் கையில் எடுத்த பதினெட்டுக் குடியிருப்புகளில் ஒரு பிழைகூட இல்லாமல் ஏற்றப்பட்டது இது ஒன்றுதானாம். தம்பி மனைவி அதை வாசித்துப் பார்த்து, சட்டம் போட்டு மாட்டலாம், ஆனால் சுவரில் இடமில்லை என்றாள்.

அடுத்த மாதம் குடியிருப்பவர்கள் எல்லாருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. இந்த வீட்டில் தொடர்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். பதினைந்து நாளில் பதில் சொல்லாதவர்கள் தொடர்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று கீழே சின்ன எழுத்து. தையல்காரம்மா ஊசி செருகிய மேல்துணியோடு அலுவலகத்துக்கு வந்தாள். எல்லாருக்கும் வந்ததாமே, தனக்கு வரவில்லையே என்றாள். பென்சிலக்கா சின்ன எழுத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். வராமல் இருப்பதே நல்லது, பதில் சொல்லாவிட்டால் தொடர்கிறதாகத்தான் கணக்கு, பேசாமல் போய்த் தை என்று அனுப்பினாள். நான் இருக்கேன்ல என்று அன்றும் சொன்னாள்.

பதினொன்றாம் நாள் காலையில் திரையைத் திறந்தால், நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பி பதினொன்று. குடியிருப்பவர் காலி செய்கிறார். முப்பது நாள்.

எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பேருந்திலோ கடையிலோ நின்றுகொண்டு, அவன் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்கிறான். பதினான்கு வருடம் மனைவியின் அழைப்பை எடுக்காதவன் ஒரு கம்பெனியின் செய்திக்குப் பதில் சொல்லியிருக்கிறான். பழைய கோபமாக இருக்கலாம். தன் பெயரில் எங்கும் எதுவும் மிஞ்சக் கூடாது என்ற பயமாக இருக்கலாம். அல்லது, ஏதோ விளம்பரத் தொல்லை, "இல்லை" என்பதை அமுக்கினால் நின்றுபோகும் என்று நினைத்திருக்கவும் கூடும். அதுதான் உண்மை என்றால், ஒரு பெண்ணின் வீடு போனதற்குப் பின்னால் துவேஷம்கூட இல்லை. பென்சிலக்காவால் தாங்க முடியாதது இதுதான். துவேஷமாவது அவளை நினைத்துச் செய்வது.

அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அணைத்து வைத்திருந்தான்.

கம்பெனிப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னாள். முதல் தடவையாக, முழுதும். அந்தப் பெண் பதறிப் போனாள். பதறியபடியே திரையில் பி பதினொன்றின் அட்டையைத் திறந்தாள்.

"நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க? இதுக்கு வழி இருக்கு. போன மாசம் இன்னொரு குடியிருப்புல இதே கேஸ். பழைய அட்டையில அங்க இருந்த கிளார்க் தேதி போட்டு எழுதி வச்சிருந்தாரு, அண்ணன் காலமானார், தங்கை இருக்கிறார்னு. அலுவலகத்துக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்காங்கன்னு ஏத்துக்கிட்டு அவங்க பேருக்கே மாத்திக் குடுத்தோம். நீங்களும் எழுதியிருப்பீங்கல்ல, பின்னாடி?"

பின்பக்கம் திரையில் வந்தது. வெள்ளை. நடுவில் சாம்பலாக ஒரு தேய்ப்பு.

அந்தப் பெண் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தேய்ப்பு பெரிதாயிற்று. அட்டை கையில் இருந்திருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருக்கலாம். அழுத்தி எழுதுகிறவள் அவள், எழுத்தின் பள்ளம் தெரிந்திருக்கும். திரையைச் சாய்த்தால் திரைதான் சாயும். பென்சிலக்கா சாய்த்தும் பார்த்தாள்.

"யாரு அழிச்சதுக்கா?" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. பதில் வராததிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் விடாமல் தன் மேலதிகாரியைத் திரையில் கூப்பிட்டுக் கொடுத்தாள். சட்டைக் காலர் மட்டும் துல்லியமாகத் தெரிந்த ஒரு மனிதர். நடந்ததைச் சுருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்வார்கள் என்றாள் பென்சிலக்கா. அந்த அம்மா அங்கே இருந்தார் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை, அலுவலகத்துக்குத் தெரிந்து இருந்தாரா தெரியாமல் இருந்தாரா என்பதுதான் விஷயம் என்றார் அவர்.

"அலுவலகத்துக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அலுவலகம்னா யாரு?"

"நான்தான்."

"ஓனருக்கு?"

பென்சிலக்காவின் கை காதுக்குப் போய், பென்சிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"ஓனருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப அலுவலகத்துக்குத் தெரியாது" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. திருத்திக் கொடுக்கிறவர்போலத்தான் சொன்னார். வேண்டுமானால் அந்த அம்மா புதிதாக விண்ணப்பிக்கலாம், வேலை செய்யும் இடத்திலிருந்து சம்பளச் சான்று மட்டும் போதும் என்றும் சொன்னார். தையல்காரம்மா வேலை செய்யும் இடம் பி பதினொன்றின் ஜன்னலோரம். அவளுக்குச் சம்பளச் சான்று தர அவளைத் தவிர யாரும் இல்லை.

காகிதத்துக்கு இதயம் உண்டு, இயந்திரத்துக்குக் கிடையாது என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பென்சிலக்காவும் சில நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். குடியிருப்பவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள், கம்பெனியைத் திட்டினார்கள். ஆனால் அவளுக்கு ஒட்டவில்லை. ஒருத்தர் மனசு இருக்கிறவரை மட்டும் செல்லுபடியாகிற தயவு தயவுதானா? பொத்தான் ஒரே நாளில் செய்ததற்கு அவள் பதினான்கு வருடமாக இடம் ஒழித்து வைத்திருந்தாள். பெயரில்லாமல் ஒருத்தியைக் குடியிருக்க வைத்து, அதைக் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொண்டாள்.

தையல்காரம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழித்ததையும் சேர்த்து. சொல்லும்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரை நிற்கவில்லை. நூல் முடிந்ததும் கடித்து அறுத்துவிட்டு, தையல்காரம்மா துணியை மடித்தாள்.

"ரெண்டு தடவ கேட்டேன்க்கா."

"கேட்ட."

"ரெண்டாவது தடவ நல்ல சேல கட்டிக்கிட்டு வந்தேன்."

"ஞாபகம் இருக்கு."

"அன்னைக்கு நீங்க திட்டியிருந்தாக்கூட நேரா உள்ள போயிருப்பேன். நான் இருக்கேன்ல, நான் இருக்கேன்லன்னு சொல்லியே வாசல்ல நிறுத்திட்டீங்க."

வைதிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் பென்சிலக்காவுக்கு அழவாவது இடம் கிடைத்திருக்கும். அவளோ அடுத்த துணியை எடுத்து விரித்தாள். முப்பது நாளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டிய சீருடைகள் நாற்பது இருந்தன.

முப்பதாம் நாள் பதினொரு மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. மகள் விடுதியிலிருந்து வந்து மூட்டைகளை இறக்கினாள். நாலு தெரு தள்ளி யாரோ ஒரு சிநேகிதியின் வீட்டில் ஒரு மூலை கிடைத்திருந்தது. மிஷினுக்கு இடமுண்டு, கட்டிலுக்கு இல்லை. வீட்டைப் பார்த்துச் சாவி வாங்க வேண்டியது பென்சிலக்காவின் வேலை. கையகலப் பலகைபோன்ற கருவி ஒன்றைக் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்தது. சுவரில் ஆணி உண்டா, குழாய் ஒழுகுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அவள் அறை அறையாகப் போய்ப் பதில் அமுக்கினாள். தரை ஓடுகளின் இடுக்கெல்லாம் நூல் துணுக்குகள், ஒரே கோடாகப் பல நிறத்தில். அதைப் பற்றிக் கருவி ஒன்றும் கேட்கவில்லை.

தையல்காரம்மா சாவியை நீட்டினாள். பென்சிலக்கா வாங்கிக்கொண்டு, சாவி பெறப்பட்டது என்பதைத் தொட்டாள். கருவி ஒரு சின்னச் சத்தம் போட்டது.

"ரசீது?" என்றாள் தையல்காரம்மா.

"போயிடுச்சு."

"யாருக்கு?"

பென்சிலக்கா கருவியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அவருக்கா?" என்றாள் தையல்காரம்மா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "சாவி நான் குடுத்தேன், ரசீது அவருக்கு. சரிதான். எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்கக்கா. காகிதத்துல."

பென்சிலக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பழக்கத்தில் கை காதுக்குப் போயிற்று.

"பேனாவுல."

மகள் தன் பையிலிருந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பென்சிலக்கா ஜன்னலோரத்துத் திண்டில் தாளை வைத்து, தேதியும் வீட்டு எண்ணும் எழுதினாள். பிறகு பேனா நின்றது. பதினாறு வருடமாக அவளுக்கு இவள் தையல்காரம்மா, அட்டையில் வெறும் "இவள்", பள்ளிக்கூடக் கடிதத்தில் அதுகூட இல்லை. கேட்காமல் முடியாது. தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உன் முழுப் பேர் என்னம்மா?"

மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தையல்காரம்மா நிதானமாகத் தன் பெயரைச் சொன்னாள், தகப்பன் பெயரையும் சேர்த்து. பென்சிலக்கா எழுதினாள்: மேற்படி வீட்டில் பதினாறு ஆண்டுகள் குடியிருந்த இன்னார், இன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தார். கீழே கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில், முப்பத்து நான்கு வருடமாக ஓனருக்கென்று விட்டுவைக்கும் சின்ன இடத்தைக் கை தானாகவே விட்டிருந்தது. அங்கே தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.

தையல்காரம்மா அதை உதடசைய வாசித்தாள். பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை.

"இவ்வளவுதான் வேல, இல்ல?" என்றாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மகளைத் தொடர்ந்து இறங்கினாள்.

கருவியில் கடைசிக் கேள்வி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. வீடு காலியாக உள்ளதா? கீழே தள்ளுவண்டியின் சக்கரம் வாசல் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஓசை கேட்கும் வரை பென்சிலக்கா காத்திருந்தாள். பிறகு ஆம் என்பதை அமுக்கினாள்.